கேம் ஆர்ட் படிக்க வரும் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை பீளமேட்டில் ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேம் ஆர்ட் சொல்லித் தருகிறேன். மற்ற நாட்களில் வெளியூர் ஸ்டுடியோக்களுக்கு என்விரான்மென்ட் ஆர்ட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. பொள்ளாச்சி, காங்கேயம், கோபி, பல்லடம் என்று பல பக்கமிருந்து பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். முதல் நாள் கூடவே அப்பாவோ அம்மாவோ வருவார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒரே பதிலைப் பத்தாவது தடவை சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போய்விடுகிறது, அது கேட்ட பிள்ளைக்கு நஷ்டம். அதனால் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"ஏனுங்க, கேம் ஆர்ட்டுன்னா பையன் நாள் பூரா கேம் ஆடிட்டே இருப்பானுங்களா?"

இல்லைங்க. கேமுக்குள் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் செய்யும் வேலை இது. மரம், சுவர், வண்டி, ஆள், உடுப்பு, திரையில் வரும் பொத்தான், எழுத்து, புகை, மழை எல்லாமே யாரோ உட்கார்ந்து செய்தவை. முதலில் காகிதத்தில் யோசித்து வரைபவர் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட். அதை முப்பரிமாணத்தில் செய்பவர் மாடலர். ஊர், காடு, கட்டடம் என்று இடங்களை அமைப்பவர் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட். திரையில் வரும் எழுத்து, ஐகான், மெனு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர் யூஐ டிசைனர். கணிப்பொறி திணறாமல் இத்தனையும் ஓடும்படி பார்த்துக்கொள்பவர் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட்.

"ரம்மி மாதிரியா?" என்றும் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்தது. நாம் பேசும் தொழில் அதுவல்ல. சினிமாவுக்குக் கலை இயக்குநர் செட் போடுவதைப் போல, கேமுக்கு செட் போடும் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு படமே வரைய வராதுங்க அண்ணா. நான் சேரலாமா?"

சேரலாம். ஆனால் வரையாமலே இருந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். அச்சு அசலாக முகம் வரைய வேண்டிய அவசியமில்லை. ஒரு பெட்டியையும் ஓர் உருளையையும் எந்தக் கோணத்தில் திருப்பி வைத்தாலும் சரியாக வரைய வந்தால், பாதிப் பொருட்கள் வந்துவிடும். உங்கள் வீட்டுக் கிரைண்டரைப் பாருங்கள். அடியில் ஒரு பெட்டி, மேலே ஓர் உருளை, உள்ளே கல். தினமும் 20 நிமிடம், அழிரப்பர் இல்லாமல், கண்முன் இருக்கும் ஒரு பொருளை வரையுங்கள். செல்போன் படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். பொருளை எதிரில் வைத்து வரையும்போதுதான் எது முன்னால், எது பின்னால் என்று கண் யோசிக்க ஆரம்பிக்கிறது.

"லேப்டாப்பு எவ்வளவுக்கு வாங்கோணுங்க? லோன் போடலாம்னு இருக்கறோம்."

முதல் மூன்று மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் 8 ஜிபி ராம் கணிப்பொறியிலேயே சின்னச் சின்ன மாடல்கள் ஓடும். பிள்ளை விடாமல் செய்கிறாளா என்று பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம். வாங்கும்போது 16 ஜிபி ராம், 6 ஜிபி மெமரியாவது உள்ள தனி கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, இந்த மூன்றையும் பாருங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்வதாக இருந்தால் டெஸ்க்டாப்தான் லாபம். அதே காசுக்கு வேகமும் கூடுதல், பழுதானால் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வரைய ஒரு சின்ன பென் டேப்லெட் போதும், திரை வைத்தது வேண்டாம்.

டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை தேதி தெரிந்துதான் வரும், காற்றடிக்கும் மாதங்களில் போகும் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது. நாம் பழகும் 3டி மென்பொருளான பிளெண்டர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 01, 02 என்று எண் போட்டு நீங்களும் சேமித்து வையுங்கள். பழைய எண்கள் எதற்கு உதவும் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"பிளெண்டர் சும்மா கெடைக்குதுங்களே, அதுல படிச்சா மதிப்பாங்களா?"

மதிப்பார்கள். பிளெண்டருக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1990களில் நெதர்லாந்தில் ஒரு ஸ்டுடியோ தன் சொந்த வேலைக்காக எழுதிக்கொண்ட மென்பொருள் அது. பின்னால் அதை விற்று நடத்திய கம்பெனி மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டான் ரோசெண்டால் பயனாளர்களிடமே கையேந்தினார். 2002இல் 7 வாரத்தில் 1 லட்சம் யூரோ சேர்ந்தது. அந்தப் பணத்தில் உரிமையை மீட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டார்கள். இன்று பெரிய ஸ்டுடியோக்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அனிமேஷன் பக்கம் மாயா என்ற மென்பொருளுக்குத்தான் இன்னும் செல்வாக்கு. ஒன்றில் கை நன்றாகப் பழகிவிட்டால் மற்றதற்கு மாற அதிக நாள் ஆகாது.

வரைவதற்கு கிரிட்டா, அதுவும் இலவசம். எஞ்சின், அதாவது கேமை ஓட்டும் மென்பொருள் என்று வரும்போது அன்ரியல், யூனிட்டி, கோடோ மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் மாதம் ஒன்றாக மாற்றிப் பார்க்கும் பிள்ளைகள் மூன்றிலுமே மெனு எங்கே இருக்கிறது என்பதைத் தாண்டிப் போவதில்லை.

"மொதல் ஆறு மாசம் என்ன பண்ணட்டுங்க?"

ஒரு மோட்டார் ரூம் செய்யுங்கள்.

உங்கள் தோட்டத்திலோ உறவுக்காரர் தோட்டத்திலோ ஒன்று இருக்கும். நாலு சுவர், ஒரு கதவு, ஓடு அல்லது சிமெண்ட் அட்டை, உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி, வெளியே கிணறு, பைப், தண்ணீர் விழும் தொட்டி, பக்கத்தில் ரெண்டு தென்னை. கேமில் ஓர் இடத்தை அமைக்கத் தேவையான பாடம் மொத்தமும் இந்தச் சின்ன இடத்தில் இருக்கிறது. கோட்டையும் டிராகனும் செய்யத்தான் எல்லோருக்கும் ஆசை. அவை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் தப்பாகச் செய்தாலும் உங்கள் கண்ணுக்கு அது தப்பாகப் படாது. மோட்டார் ரூமைத் தப்பாகச் செய்தால் உங்கள் அப்பாவே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து வாருங்கள். கதவு எத்தனை அடி, தொட்டி எவ்வளவு ஆழம், பைப் எத்தனை அங்குலம். ஹாலோ பிளாக் கல் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். அந்தக் கணக்கு தெரிந்தால் சுவரில் எத்தனை வரிசை வரும் என்று எண்ணியே சொல்லிவிடலாம். பிளெண்டரில் அளவு மீட்டரில், அன்ரியலில் சென்டிமீட்டரில் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். முதல் மாதம் வெறும் பெட்டிகளை வைத்து இடத்தை மட்டும் அமையுங்கள். இரண்டாம் மாதம் கட்டடம், மூன்றாம் மாதம் ஸ்டார்ட்டர் பெட்டி, வாளி, மண்வெட்டி போன்ற பொருட்கள். அப்புறம் யூவி (உருவத்தைத் தட்டையாக விரிப்பது), டெக்ஸ்சர் (அதன் மேல் ஒட்டும் படம்). கடைசியில் வெளிச்சம்.

வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு மாதம் கொடுங்கள். அதே இடத்தில் காலை 7 மணிக்கும், உச்சி வெயிலிலும், பொழுது சாயும்போதும் நின்று பாருங்கள். நிழல் எந்த நிறத்தில் இருக்கிறது, சுவரின் அடிப்பக்கத்தில் மண்ணின் செம்மை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செய்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எது முதலில் தெரிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்சத்தை மறுபடி அமைக்க வேண்டும்.

"யூவி மட்டும் மண்டைல ஏறவே மாட்டீங்குது அண்ணா."

இதை எனக்கே தெளிவாகப் புரியவைத்தவர் ஒரு கட்டிங் மாஸ்டர். திருப்பூரில் இருந்து மகனை அழைத்து வந்தவர், பின் பெஞ்சில் உட்கார்ந்து சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சட்டை மாடலின் யூவியை விரித்துக் காட்டினேன். "இது மார்க்கர் தானுங்களே?" என்றார். வகுப்பே அவர் பக்கம் திரும்பியது.

மார்க்கர் என்றால் தெரியுமல்லவா? துணியை வெட்டும் முன் முன்பாகம், பின்பாகம், கை, காலர் என்று எல்லா வடிவங்களையும் துணி வீணாகாதபடி நெருக்கி அடுக்குவார்களே, அந்த வரைவு. யூவி அதேதான், திசை மட்டும் தலைகீழ். அங்கே தட்டைத் துணியை வெட்டித் தைத்து உடம்புக்கு உருவம் கொடுக்கிறார்கள். இங்கே உருவத்தைத் தையல் பிரித்துத் தட்டையாக்கி, அதன் மேல் படம் வரைகிறோம். தையல் எங்கே வரலாம் என்பதற்கும் விதி ஒன்றுதான்: கண்ணுக்கு எளிதில் தெரியாத இடத்தில். பானை என்றால் அடிப்பக்கம், கை என்றால் உட்பக்கம். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் டெக்ஸ்சரில் இடம் வீணாகாது, ஆனால் ஒட்டி வைத்துவிடக் கூடாது. கொஞ்சம் இடைவெளி விடாவிட்டால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் கசியும். எல்லாத் துண்டும் ஒரே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 512 பிக்சல் என்று முடிவு செய்தால் சுவருக்கும் கதவுக்கும் அதே 512. கதவு மட்டும் துல்லியமாகவும் சுவர் மங்கலாகவும் இருப்பது இதைக் கவனிக்காததால் வருவது.

பிரிண்டிங் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் சுலபம். துணி டிசைனில் ரிப்பீட் என்பார்களே, இடது ஓரம் வலது ஓரத்தோடும் மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று. டைலிங் டெக்ஸ்சர் என்பது அந்த ரிப்பீட்தான். நல்ல ரிப்பீட்டில் ஒரு பூ மட்டும் துருத்திக்கொண்டு தெரியாது. மண் தரையிலும் அப்படித்தான், ஒரு கல் மட்டும் பளிச்சென்று இருந்தால் பத்தடிக்கு ஒருமுறை அதே கல் வந்து மாட்டிக்கொடுக்கும்.

"நான் பண்றது எல்லாமே பிளாஸ்டிக் மாதிரியே இருக்குதுங்க. ஏன்?"

பெரும்பாலும் ராஃப்னஸ் காரணம். ஒரு பொருளின் மேல்பரப்பைச் சொல்ல மூன்று விஷயம் முக்கியம்: அதன் நிறம், அது உலோகமா இல்லையா (மெட்டாலிக்), அது எவ்வளவு வழவழப்பு அல்லது சொரசொரப்பு (ராஃப்னஸ்). பிள்ளைகள் நிறத்துக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்துவிட்டு ராஃப்னஸை ஒரே எண்ணில் விட்டுவிடுகிறார்கள். எந்தப் பொருளும் உடம்பு முழுக்க ஒரே வழவழப்பாக இருக்காது. மோட்டார் ரூம் கதவில் கைபடும் இடம் மழமழவென்றும், தண்ணீர் தெறிக்கும் அடிப்பக்கம் சொரசொரவென்றும் இருக்கும். அந்த வித்தியாசத்தை வரைந்தாலே பாதி பிளாஸ்டிக் போய்விடும்.

இன்னொரு தப்பு, பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு மோட்டாருக்கு மெட்டாலிக்கை 1 என்று வைப்பது. உள்ளே இரும்பு இருக்கலாம், வெளிச்சம் படுவது பெயிண்ட் மேல்தான், அதனால் 0. பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளக்கும் கீறலில் மட்டும் 1. துரு பிடித்தால் மறுபடி 0. கிரைண்டரை எடுத்துக்கொண்டால் எவர்சில்வர் பாத்திரம் 1, கருங்கல் 0. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். டெக்ஸ்சர் பழக அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறம் மாறும் இடத்தில் எல்லாம் ஒரு காரணம் இருக்கும். காங்கேயம் கன்று செம்பழுப்பாகப் பிறந்து, சில மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த காளைக்குத் திமிலிலும் கழுத்திலும் பின்பக்கமும் கருமை ஏறும், வயிற்றுப் பக்கம் வெளிறியே இருக்கும். அதை ஒரே சாம்பலில் நிரப்பினால் மாடு பொம்மையாகிவிடும். காங்கேயத்தில் இருந்து வந்த ஒரு மாணவி சந்தைக்குப் போய் 40 படம் எடுத்து வந்தாள். அவள் செய்த காளையை அவள் வீட்டில் பார்த்துவிட்டு, "இது எத்தனை பல்லு?" என்று அதன் வயதைக் கேட்டார்களாம். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தோன்றவில்லை.

"ரெஃபரன்ஸ் பார்த்துப் பண்ணுனா அது காப்பி தானுங்க?"

இன்னொருவர் செய்து முடித்த படத்தை அப்படியே பார்த்துச் செய்தால் காப்பி. உலகத்தைப் பார்த்துச் செய்தால் படிப்பு. வெளிநாட்டு ஆர்ட்டிஸ்டின் கோட்டையைப் பார்த்து நீங்கள் கோட்டை செய்தால், அவர் எதை விட்டார், எதை மாற்றினார் என்பது உங்களுக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் 1902இல் தொடங்கியது, விலங்குகளின் எலும்பும் கொம்பும் மர வகைகளும் அங்கே பார்க்கலாம். மிருகம் செய்ய நினைப்பவர்கள் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து வரைய வேண்டும். அவிநாசி ரோட்டில் ஜிடி கார் அருங்காட்சியகம், வண்டி செய்பவர்களுக்கு. பேரூர் கோயிலின் கனகசபைத் தூண்கள், சிற்பத்தில் ஆழமும் நிழலும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க. பவானி ஜமுக்காளத்தின் பட்டைகள், நிறச் சேர்க்கைக்கு. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றனவே, கிளுவை வேலியும் உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக. அப்படி ஒரு நிலத்தை எந்தக் கேமிலும் நான் இதுவரை பார்த்ததில்லை. யாராவது செய்தால் முதலில் போய்ப் பார்ப்பவன் நானாக இருப்பேன்.

"அதுக்கு போட்டோ எடுத்தே ஸ்கேன் பண்ணிக்கலாமே?"

செய்யலாம். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அதிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கணக்கிடும் முறைக்கு போட்டோகிராமெட்ரி என்று பெயர். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பாதிக்கு மேல் ஒரே பகுதி தெரியும்படி எடுக்க வேண்டும். வெயிலில் எடுத்தால் நிழலும் நிறத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதைப் பிரிப்பது பெரும்பாடு. நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேகம் வந்து மூடிக்கொள்கிறதே, அந்த நாட்கள்தான் தோதானவை. ஆனால் கூடவே காற்றும் வரும். இலை, செடி, கொடி வேண்டாம். கல், சுவர், மரத்தின் அடிப்பகுதி எடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் ஒருநாளும் சரியாக வராது, பளபளப்பு கோணத்துக்குக் கோணம் மாறும். கோயில்களில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும், கருவறைப் பக்கம் போகவே கூடாது.

ஸ்கேன் எடுத்ததை அப்படியே கேமில் போட முடியாது, உருவத்தை ஆக்கும் முக்கோணங்கள் லட்சக்கணக்கில் இருக்கும். அதைக் குறைத்து, புதிதாக யூவி விரித்து, விவரங்களை நார்மல் மேப்பாக, அதாவது மேடு பள்ளத்தை நிறத்தில் குறிக்கும் படமாக மாற்ற வேண்டும். ஆகவே யூவி பற்றி மேலே சொன்னதில் இருந்து தப்பிக்க இது வழியல்ல.

"டிகிரி வேணுங்களா? விஸ்காம் சேர்க்கலாமா, இல்ல ஏதாச்சும் இன்ஸ்டிடியூட்டா?"

வேலை கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது செய்த வேலையைத்தான். ஆனால் வெளிநாடு போக நினைத்தால் விசாவுக்கு டிகிரி உதவும், வீட்டில் மனநிம்மதிக்கும் உதவும். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் இருக்கிறது. அதில் வெளிச்சம், கேமரா, வடிவமைப்பு நன்றாகக் கற்கலாம், 3டியை நீங்களாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவர்களும் ஐஐடிகளின் பி.டெஸ் படிப்புக்காக யூசீட் தேர்வு எழுதலாம் என்பது இங்கே பலருக்குத் தெரிவதில்லை. என்ஐடி என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. அதன் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கென்றே முதுகலைப் படிப்பு நடக்கிறது.

தனியார் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன வருடம் படித்து முடித்த ஐந்து பேரின் போர்ட்ஃபோலியோ, அதாவது அவர்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. நான் இதைக் கேட்காமல் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் எட்டு சாப்ட்வேரின் பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். முடிக்காத மாடல் 40 இருந்தது, முடித்தது ஒன்றுகூட இல்லை. என் அப்பா அதற்காக விற்ற இரண்டு மாடுகளின் பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இதுல சோறு கெடைக்குமுங்களா? நேராச் சொல்லுங்க."

கிடைக்கும், ஆனால் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023, 2024 இரண்டு வருடமும் உலகம் முழுக்க கேம் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வெளியே அனுப்பின. வேலை அதிகம் இருப்பது பெங்களூரு, ஐதராபாத், புனே, சென்னை பக்கம். கோவையில் உட்கார்ந்தே வெளியூர் வேலை செய்பவர்களும் உண்டு, ஆனால் முதல் இரண்டு வருடமாவது ஒரு ஸ்டுடியோவில் மூத்தவர்கள் பக்கத்தில் இருந்து கற்பது நல்லது.

இந்தக் கைத்திறன் கேமுக்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதையும் பெற்றோர் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டும் முன்பே படமாகக் காட்டும் வேலை, பம்ப் கம்பெனிகளுக்குப் பொருள் படம், இவையெல்லாம் இங்கேயே இருக்கின்றன. கேம் ஆடைகளுக்குப் பயன்படும் மார்வலஸ் டிசைனரும், ஆடைத் தொழிலில் தைக்கும் முன் சாம்பிள் பார்க்கும் குளோ மென்பொருளும் ஒரே கொரியக் கம்பெனி செய்தவை. ஒன்று தெரிந்தவர் மற்றொன்றில் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவார். திருப்பூர் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

"போர்ட்ஃபோலியோல எத்தனை வைக்கட்டும்?"

நன்றாக முடித்த நான்கு போதும். சுமாரான ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தால், பார்ப்பவர் உங்களை அந்த ஐந்தாவதை வைத்துத்தான் எடைபோடுவார். ஒயர்ஃபிரேம் (மாடலின் கோட்டு வலை), யூவி, டெக்ஸ்சர் அளவு மூன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அந்த வேலை மட்டும் இருக்கட்டும்.

"ஏஐ தான் வந்துருச்சே அண்ணா, இனி எதுக்கு இதெல்லாம் படிக்கோணும்?"

இந்தக் கேள்வி கேட்கும் பிள்ளையின் முகத்தில் பயம் தெரியும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்து ஏஐயிடம் மோட்டார் ரூம் கேட்டேன். பார்க்க அழகாக வந்தது. பைப் கிணற்றுக்குள் போகாமல் சுவரிலேயே முடிந்தது, தென்னையில் பனை ஓலை இருந்தது. அதைத் தப்பு என்று கண்டுபிடிக்க மோட்டார் ரூம் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண்ணைத்தான் இங்கே வளர்க்கிறோம்.

அதற்காக வேலை குறையாது என்று பொய் சொல்ல மாட்டேன். வெறும் யோசனைப் படங்களை வேகமாக வரைந்து தரும் வேலைகளில் பாதிப்பு இருக்கிறது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 2024 ஜனவரி முதல், கேமில் ஏஐ பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று விதி. பல ஸ்டுடியோக்கள் போர்ட்ஃபோலியோவில் ஏஐ படம் இருந்தால் ஒதுக்கிவிடுகின்றன. படிக்கும் காலத்தில் அதைத் தொடாதீர்கள், அது உங்கள் பயிற்சியைப் பிடுங்கிக்கொள்ளும்.

"பிளெண்டர்ல சரியா இருக்கற நார்மல் மேப்பு அன்ரியல்ல போட்டா மேடு எல்லாம் குழியாத் தெரியுதுங்க."

மேல் கீழ் திசையைக் குறிக்கும் பச்சை சேனலை பிளெண்டரும் யூனிட்டியும் ஒரு விதமாகப் படிக்கின்றன, அன்ரியல் அதற்கு நேர் எதிராகப் படிக்கிறது. அன்ரியலில் அந்த டெக்ஸ்சரைத் திறந்து பச்சை சேனலைத் தலைகீழாக்கும் தேர்வைப் போடுங்கள். நிறப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி தேர்வை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள், ராஃப்னஸுக்கும் அது பொருந்தும்.

"கம்ப்யூட்டர்ல சூப்பரா ஓடுது, செல்போன்ல போட்டா தெணறுது."

ஒரு நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.6 மில்லி நொடி. 30 படம் என்றால் 33.3. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். எது சாப்பிடுகிறது என்று அளந்து பார்க்காமல் முக்கோணத்தைக் குறைக்க ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் டெக்ஸ்சர். அகலமும் உயரமும் 4096 பிக்சல் உள்ள ஒரு டெக்ஸ்சர், சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. 1024 என்றால் 4 எம்பிதான். ஒரு மாணவனின் காட்சியில் கிணற்றடியில் கிடந்த பிளாஸ்டிக் குடத்துக்கு 4096 போட்டிருந்தான். திரையில் அந்தக் குடம் கட்டைவிரல் அளவுகூட இல்லை.

அடுத்தது நம் ஊர்க் காட்சிகளுக்கென்றே வரும் தொல்லை, தென்னந்தோப்பு. ஓலையை ஒரு செவ்வகத்தில் ஒட்டி, மீதியை ஒளி ஊடுருவும்படி விடுகிறோம். தெரியாத அந்த வெற்றிடத்தையும் கணிப்பொறி கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும். பத்து ஓலை ஒன்றன்மேல் ஒன்று வந்தால் ஒரே பிக்சலைப் பத்துத் தடவை கணக்கிடும். செல்போன் திணறுவது அங்கேதான். செவ்வகத்தை ஓலையின் வடிவத்துக்கு ஒட்டி வெட்டுங்கள். முக்கோணம் கொஞ்சம் கூடினாலும் வெற்றிடம் குறையும், மொத்தத்தில் லாபம். தூரம் போகப் போக ஓலை குறைந்த மாடல்கள் வரட்டும், கடைசித் தூரத்தில் ஒரே ஒரு தட்டைப் படம் போதும்.

"கேமுல தமிழ்ல எழுதுனா எழுத்து ஒடஞ்சு வருதுங்க."

'கொங்கு' என்று அடித்துப் பாருங்கள், உடனே மாட்டிக்கொள்ளும். கணிப்பொறிக்குள் முதலில் 'க', அப்புறம் ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பு 'க'வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் பகுதி யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் இயல்பாக இல்லை, அதனால் உடைகிறது. கோடோ 4இலும் அன்ரியலிலும் சரியாக வரும். யூனிட்டிதான் வேண்டும் என்றால் தமிழுக்கான துணைக் கருவி ஒன்றை முதல் நாளே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

விசுவல் டிசைன் பக்கமும் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்கு வரைந்த பொத்தானில் தமிழ் அடங்காது, 'ப்ளே' என்ற இடத்தில் 'விளையாடு' வரும். மேலே இகர, ஈகாரக் குறிகளும் கீழே உகரச் சுழியும் வருவதால் வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக விட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், பாலூ தம்பி எல்லாம் இலவச எழுத்துருக்கள். செல்போனில் சின்ன அளவில் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

"நம்மூர்க் கதைய வெச்சு கேம் பண்ணுனா யாராச்சும் வெளையாடுவாங்களா?"

விளையாடியிருக்கிறார்கள். 2023இல் கனடாவில் இருந்து 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், ஓர் அம்மா, அவர் சமையல், அவ்வளவுதான் கதை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் விருது அதற்குக் கிடைத்தது. தட்டையான நிறங்களில் வரைந்த எளிய படங்கள்தான், ஆனால் சட்டியில் இருப்பது என்ன என்று தமிழர் யாரும் கேட்க வேண்டியிருக்காது. புனேயில் செய்த 'ராஜி' 2020இல் வந்தது, ராஜஸ்தான் கோட்டைகளைப் போய்ப் பார்த்து அமைத்த இடங்கள் அதில் வருகின்றன. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கல்மணிகளும் இரும்பு உருக்கிய தடங்களும் நமக்குச் சென்னிமலைப் பக்கத்திலேயே இருக்கின்றன. நொய்யல் கரையில் ஒரு மணி செய்யும் பட்டறை எப்படி இருந்திருக்கும் என்று ஒரே ஒரு அறையைச் செய்து பாருங்களேன்.

"ரெண்டு வருசமாப் பண்றேன் அண்ணா. முன்னேறவே இல்லைன்னு தோணுது. உட்றலாமா?"

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் நன்றாகச் செய்பவர்கள்தான் கேட்கிறார்கள். கை வளர்வதைவிட வேகமாகக் கண் வளர்ந்துவிடுவதுண்டு. போன வருடம் உங்கள் கண்ணுக்குத் தெரியாத தப்பு இந்த வருடம் தெரிகிறது, அதனால் வேலை மோசமாகிவிட்டதாகப் படுகிறது.

கோபிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு மாணவி இதையே அழுதுகொண்டு கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு முறை அதே மோட்டார் ரூமைப் புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தேன், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தோம். முதலாவதில் கதவு ஒன்பதடி உயரம் இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். இரண்டாவதில் சுவர் முழுக்க ஒரே அழுக்கு. மூன்றாவதில் தொட்டி நிரம்பி வழியும் ஓரத்தில் மட்டும் பாசி பிடித்திருந்தது. "இதை நான் எப்ப பண்ணுனேன்?" என்று கேட்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நான்காவதற்குப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

உங்கள் முதல் ஃபைல், 01 என்று எண் போட்டது, இருக்கிறதா பாருங்கள். அடுத்த சனிக்கிழமை வரும்போது அதையும் பென் டிரைவில் எடுத்து வாருங்கள், சேர்ந்தே திறந்து பார்க்கலாம்.